கன்னக்குழி விழுந்த தவளை

நம் வயதுக்காரர்கள் சுங்கைப்பட்டாணிக்குப் போனால் சர்க்கரை மாத்திரை வாங்குவார்கள், பேரப்பிள்ளைக்குச் சட்டை வாங்குவார்கள், கடைசியில் எங்காவது உட்கார்ந்து ஒரு தே தாரேக் குடித்துவிட்டுப் பஸ் ஏறுவார்கள். நான் மீன்பிடிச் சாமான் விற்கும் கடைக்குள் நுழைகிறேன். தூண்டிலை நான் கையால் தொட்டதில்லை. மீன் கவிச்சி எனக்கு ஆகவே ஆகாது. ஆனாலும் போகிறேன். மரத்தால் செய்த தவளைகளை அட்டையில் குத்தி மாட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றாக எடுத்து, இடது பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன்.

போன மாதம் அங்கே ஒரு சின்னப் பையன் நின்றான். "ஆன்டி, இதெல்லாம் ஹேண்ட்மேட் லா. மெஷின்ல போட்டதில்ல. ஒவ்வொண்ணும் கையால செதுக்குனது" என்றான். நான் தரம் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, உள்ளே போய் இன்னும் விலை கூடியதாக நாலைந்தைக் கொண்டு வந்து பரப்பினான். அதையும் திருப்பிப் பார்த்தேன். பையனுக்குப் பாவம், ஒன்றும் விளங்கவில்லை. உங்களில் எத்தனை பேர், தோட்டம் இருந்த இடத்தில் எழும்பிய தாமான் குடியிருப்பைச் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறீர்கள்? எனக்குத் தெரியும். அதனால் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் கேளுங்கள்.

மீன் பிடிக்கப் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டைத் தவளை என்பது கட்டைவிரல் நீளத்துக்குத் தவளை போலச் செதுக்கிய மரத்துண்டு. வயிற்றுக்கு அடியில் கொக்கி இருக்கும். அதைச் சதுப்பில், ஆகாயத்தாமரை மண்டிய ஓரமாக வீசி, சுண்டிச் சுண்டி இழுப்பார்கள். விரால் அதை உயிருள்ள தவளை என்று நம்பிப் பாயும். அவ்வளவுதான். அந்தச் சின்ன மரத்துண்டுதான் எங்கள் வீட்டை ஒரு வருஷம் ஆட்டி வைத்தது.

எங்கள் ரப்பர் தோட்டம் புக்கிட் செலம்பாவுக்கு உள்ளே தள்ளி இருந்தது. லயத்து வீடுகளுக்குப் பின்னால் சாக்கடை, சாக்கடைக்குப் பின்னால் சதுப்பு, சதுப்புக் கரையில் பூலாய் மரங்கள். பூலாய்க் கட்டை ரொம்ப லேசு, தண்ணீரில் போட்டால் துள்ளிக்கொண்டு நிற்கும். அண்ணன் அந்த மரத்தின் கிளையை வெட்டி வந்து காயப்போட்டு, பால் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து செதுக்குவான். பச்சைக் கட்டையின் கசப்பு வாசனை கொல்லை முழுக்க நிற்கும். சுருள் சுருளாக விழும் சீவல்களைப் பொறுக்கி நான் காதில் மாட்டிக்கொள்வேன். கண் வைப்பதற்கு அவனுக்குச் சிவப்புச் சாயம் வேண்டும். அக்காவின் நகப்பூச்சைத் திருடுவான். அக்கா விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு துரத்துவாள். கொஞ்சம் முன்னால்தான் சண்டை போட்டவள், அவன் சாப்பிட உட்கார்ந்தால் தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து அவன் தட்டில் போடுவாள்.

அண்ணனின் இடது ஆள்காட்டி விரல் மடங்காது. சின்ன வயதில் அம்மாவோடு மரம் சீவப் போனபோது கத்தி பட்டு நரம்பு அறுந்துவிட்டது. சோற்றுத் தட்டை ஏந்தும்போதும், சைக்கிள் பிடிக்கும்போதும், பள்ளிக்கூடத்தில் கைகட்டி நிற்கும்போதும் அந்த விரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். இடது கையில் கட்டையைப் பிடித்து வலது கையால் செதுக்குவான். தாங்குவதற்கு அந்த விரல் மடங்காததால் ஒரு இடத்தில் கட்டை லேசாக உருண்டு, கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கிவிடும். எப்படிப் பிடித்தாலும் இறங்கும். கடைசியில் அவன் அதோடு சண்டை போடுவதை விட்டுவிட்டு, உடைந்த கண்ணாடிச் சில்லால் அந்த இடத்தை வழித்து அழகுபடுத்திவிடுவான். அதனால் அவன் செய்த ஒவ்வொரு தவளைக்கும் இடது கன்னத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கும்.

"ஒன் தவளைக்கெல்லாம் கன்னக்குழி விழுதுடா. எல்லாம் சிரிக்குது" என்பாள் அம்மா.

செய்து முடித்ததைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பார்ப்பான். ஒன்று சாய்ந்து மிதக்கும், ஒன்று மூக்கைத் தூக்கும். "இது நம்ம கங்காணி, தொப்பையைப் பாரு. இது பாப்பா, தண்ணியப் பார்த்தாலே ஆடுது" என்பான். பாப்பா நான்தான்.

அப்பாவுக்கு இது எதுவுமே பிடிக்கவில்லை. இருபத்திரண்டு வயதுப் பையன் வாளியில் உட்கார்ந்து தவளை செதுக்குவதைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். சுங்கைப்பட்டாணியில் கிலாங்குகள் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. தோட்டத்துப் பிள்ளைகள் விடிகாலையில் பஸ் ஏறி அந்தத் தொழிற்சாலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"தவளை செஞ்சு சோறு திங்க முடியுமாடா? கிலாங்குல ஆள் எடுக்கிறான், போய்ச் சேரு."

"கிலாங்குல அவன் சொல்றத நான் செய்யணும்பா. இங்க நான் நெனைக்கிறத செய்றேன்."

"நீ நெனைச்சு கிழிச்சது போதும்."

அன்றைக்கு மழை. காய்வதற்காக அண்ணன் கம்பியில் மாட்டி வைத்திருந்த தவளைகளை அப்பா வாரிக்கொண்டு போய் அடுப்பில் போட்டுவிட்டார். சாயம் எரியும் நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. அண்ணன் தூண்டிலை எடுத்துக்கொண்டு கப்சாய் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனான். மூடா ஆறு கரை புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் பாலத்துக்குக் கீழே கப்சாய் நின்றது. பக்கத்தில் செருப்பு ஜோடியாக இருந்தது. படகு விட்டுத் தேடினார்கள், முக்குளிக்கிறவர்கள் வந்தார்கள். உடம்பு கிடைக்கவில்லை. ஆறு கடலோடு சேருமிடம் வரைக்கும் அப்பா கரையோரமாகவே நடந்து போய்விட்டு வந்தார்.

கோயில் தலைவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். "உடம்பு கெடைக்காட்டி தர்ப்பையில உருவம் செஞ்சு கருமாதிய முடிச்சிடலாம். அவன் ஆத்மா அலையக் கூடாது பாருங்க" என்றார்.

அம்மா எழுந்து நின்றாள். "செருப்ப ஜோடியா கழட்டி வச்சிட்டுப் போனவன், திரும்பி வந்து மாட்டத்தான் வச்சிருக்கான். அப்பா மேல கோவம், எங்கேயோ போயிருக்கான். செத்துட்டான்னு சொன்னா உடம்பக் காட்டுங்க."

யாராலும் காட்ட முடியவில்லை. கருமாதி நடக்கவில்லை. அவன் படத்துக்கு மாலை விழவில்லை. கொல்லையில் கத்தி சீவும் சத்தம் கேட்கிறது என்று அம்மா சொல்வாள். பெருச்சாளி என்பார் அப்பா. எனக்கும் கேட்டது. பெருச்சாளி அப்படி நிறுத்தி நிறுத்திச் சீவாது.

இதில் அதிகம் மாட்டிக்கொண்டவள் அக்கா. ஜித்ராவில் ஒரு பள்ளிப் பஸ் டிரைவரைப் பேசி முடித்திருந்தார்கள். நல்ல மனிதர், அக்காவுக்கும் பிடித்திருந்தது. நம் கல்யாணத்தில் அக்கினிக்கு முன்னால் பெண்ணின் கையில் பொரி அள்ளிப் போடுவது கூடப் பிறந்தவன் அல்லவா? "அண்ணன் வந்து பொரி போடாம இவ கழுத்துல தாலி ஏறாது" என்று அம்மா சொல்லிவிட்டாள். இறந்தவனுக்குக் காரியம் செய்தால் கல்யாணத்துக்கு வழி உண்டு. உயிரோடு இருப்பவன் வந்தாலும் வழி உண்டு. எங்கள் வீட்டில் இரண்டும் இல்லை.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில், கோயில் திருவிழாவுக்கு வளையல் வாங்க அம்மா என்னைச் சுங்கைப்பட்டாணிக்குக் கூட்டிப்போனாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடைவரிசையில் நடந்துகொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள். ஒரு மீன்பிடிச் சாமான் கடை. வாசலில் தொங்கிய அட்டை நிறையத் தவளைகள். எல்லாம் புதுச்சாயம். எல்லாவற்றுக்கும் இடது கன்னத்தில் குழி.

அம்மா ஒன்றைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் அந்தக் குழியைத் தடவினாள். "தவுக்கே, இனி சியாப்பா பூவாட்?" என்றாள். யார் செய்தது என்று கேட்டாள்.

"கிலாங் பூவாட் லா" என்றார் கடைக்கார தவுக்கே, கணக்குப் பார்ப்பதை நிறுத்தாமல்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தை அப்படி நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். "கேட்டியா பாப்பா? கிலாங்குல சேர்ந்துட்டான். அப்பா சொன்ன மாதிரியே சேர்ந்துட்டான்!"

அவளைக் குறை சொல்லாதீர்கள். அம்மா பார்த்த ஒரே தொழிற்சாலை எங்கள் தோட்டத்து ரப்பர் கொட்டகைதான். அங்கே வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து கையால் ரப்பர் பாளத்தைப் பிரித்துத் தொங்கவிடுவார்கள். கிலாங் என்றால் நிறையக் கைகள் இருக்கும் இடம் என்றுதான் அவளுக்குத் தெரியும். மகன் கையின் அடையாளத்தைப் பார்த்துவிட்டாள். அந்தக் கை அங்கே இருக்கிறது. வேறு எப்படி நினைப்பாள்?

தவுக்கே சொன்ன கிலாங்கைத் தேடி அடுத்த சனிக்கிழமை அப்பாவும் நானும் கிளம்பினோம். அண்ணனின் நீலக் கட்டம் போட்ட சட்டையையும் ஒரு புட்டித் தைலத்தையும் அம்மா பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். "கிலாங்குல குளிரும். விரலு இழுக்கும். ராவுல தேய்ச்சுக்கிட்டுப் படுக்கச் சொல்லுங்க. நீங்க திட்டிராதீங்க." பஸ்ஸில் அப்பா சட்டையைத் தொடையில் வைத்து நீவிக்கொண்டே வந்தார். அவரும் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. ரப்பர் மரத்தின் புளித்த வாசனை, கண்ணைக் கரிக்கும் மரத்தூள். நாற்காலிக் கால்கள் மலை போலக் குவிந்து கிடந்தன. மூலையில் ஒரு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல்பக்கத்தில், இரண்டு இரும்பு முனைகளுக்கு நடுவே, ஒரு தவளை மாட்டியிருந்தது. சாயம் சுரண்டப்பட்டு, சிவப்புக் கண் போய், வெறும் பூலாய்க் கட்டையாக இருந்தது. அது சுழலச் சுழல, ஒரு சின்னச் சக்கரம் அதன் உடம்பில் உருண்டுகொண்டே போனது. கீழே ரப்பர் கட்டை ஒன்று அதே வேகத்தில் சுழன்றது. மேலே சக்கரம் ஏறினால் கீழே கத்தி ஏறியது, சக்கரம் இறங்கினால் கத்தியும் இறங்கியது. கன்னத்துக் குழி வரும்போது சக்கரம் 'டொக்' என்று விழும். கத்தியும் விழும். கட்டை தவளையாகிக் கூடையில் உருளும். அடுத்த கட்டை. மறுபடி டொக்.

மேஸ்திரி ஒரு சீனர். அப்பா மலாயில் விசாரித்தார். முன்பு ஒரு இந்தியப் பையன் கடைக்குத் தவளை கொண்டு வருவானாம். நன்றாக விற்குமாம். திடீரென்று அவன் வருவதை நிறுத்திவிட்டதால், கையிருப்பில் மிஞ்சிய ஒன்றைக் கடைக்காரர் இங்கே கொண்டுவந்து, இதே மாதிரி போட்டுத் தரச் சொன்னாராம். அப்பா வீட்டில் இருந்ததையெல்லாம் அடுப்பில் போட்டுவிட்டார் அல்லவா? அண்ணன் கை பட்டது என்று எங்களுக்குத் தெரிந்து மிஞ்சியிருந்தது அந்த ஒன்றுதான். அதைத் திருப்பித் தரும்படி அப்பா கேட்டார். மேஸ்திரி சிரித்தார். அதைக் கொடுத்துவிட்டால் மெஷின் எதைப் பார்த்துச் செய்யும்? ஆள் பற்றாக்குறையாக இருக்கிறது, வேலைக்கு வருகிறாயா என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா சட்டையையும் தைலத்தையும் இயந்திரத்துக்கு மேலே இருந்த பலகையில் வைத்தார். திரும்பக் கொண்டுபோக அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. பஸ்ஸில் என் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டு, "இன்னிக்கு ஒரு நாளு ஒங்கம்மா தூங்கட்டும் பாப்பா. நாளைக்கு நானே சொல்லிடறேன்" என்றார்.

அம்மா வாசலுக்கு ஓடி வந்தாள். "எங்க அவன்?"

"இங்க இல்ல. இவங்களுக்கு வடக்க இன்னொரு பட்டறை இருக்காம். அங்க வச்சிருக்காங்க. தூரம்."

"சட்டை?"

"கொடுத்தனுப்பச் சொல்லிட்டு வந்தேன்."

அன்று அம்மா குறட்டை விட்டுத் தூங்கினாள். மறுநாள் காலையில் மாதக்கணக்கில் சாப்பிடாதவள் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டாள். அப்பா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா? நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றியதில்லை.

அப்பா தோட்டத்து வேலையை விட்டுவிட்டு அந்தக் கிலாங்கிலேயே சேர்ந்தார். அங்கே இருந்தால் அவனைப் பற்றிச் சேதி வரும் என்று அம்மாவிடம் சொன்னார். தோட்டத்தை எப்படியும் விற்கப் போகிறார்கள் என்று மற்றவர்களிடம் சொன்னார். உண்மையான காரணம் எனக்குத் தெரியும். அந்த ஒரு தவளைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கேட்டு வாங்கி அந்த இயந்திரத்தையே பார்த்துக்கொண்டார். மகன் மாட்டேன் என்ற வேலையைத் தகப்பன் செய்தார். நாள் முழுக்க அந்த 'டொக்' அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது.

அவ்வப்போது ஒரு தவளையைக் கொண்டு வருவார். "வடக்கயிருந்து வந்துச்சு" என்பார். அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து வாங்குவாள். வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். கத்தி மழுங்கியிருந்தால் மரத்தில் பிசிறு தட்டும். அன்றைக்கு, "கை நடுங்கியிருக்குங்க. காய்ச்சல்ல செஞ்சிருக்கான்" என்று அழுவாள். மேஸ்திரி புதுக் கத்தி மாற்றினால், "இப்ப தேவலாம். நல்லா சாப்பிடுறான்" என்பாள். ஒவ்வொரு முறையும் விரலுக்குத் தைலம் காய்ச்சிக் கொடுத்தனுப்புவாள். நொச்சியும் பூண்டும் நல்லெண்ணெயில் கொதிக்கும் வாசனை எங்கள் லயத்தையே தூக்கும். புட்டிகள் இயந்திரத்துக்கு மேல் பலகையில் வரிசையாக நின்றன. கிலாங்கில் இடுப்பு வலிக்காரர்கள் எல்லாரும் எங்கள் அண்ணனின் விரலுக்கு வந்த தைலத்தைத் தேய்த்துக்கொண்டார்கள். மேஸ்திரிக்கு அந்த வாசனை பிடித்துப் போய், புட்டி தீர்ந்தால் அவரே கேட்பார்.

இப்படியே ஆடி போய், தீபாவளி போனது. ஜித்ராவிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வந்தார். காபியைக் குடித்துவிட்டு, நயமாகத்தான் சொன்னார். தை மாதத்துக்குள் முகூர்த்தம் வைக்காவிட்டால் அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். அவர் போனதும் அக்கா அடுப்படியில் நின்றுகொண்டு கத்தினாள்.

"அவன் செத்துட்டான்மா! ஆத்துல போயிட்டான்! ஊருக்கே தெரியும், ஒனக்கு மட்டுந்தான் தெரியல! நான் என்ன பாவம் செஞ்சேன்?"

அம்மா அவளை அறையவில்லை. அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாடத்தில் வரிசையாக வைத்திருந்த தவளைகளில் ஒன்றை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். "செத்தவன் கையாடி இது?" என்று மெதுவாகக் கேட்டாள். அக்கா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அவளுடைய கன்ன எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. அதைப் பார்த்து அம்மாவுக்கும் சோறு இறங்கவில்லை. இரண்டு பெண்களும் ஒரு வீட்டுக்குள் எதிரும் புதிருமாக இளைத்துக்கொண்டு போனதை அப்பா பார்த்தார்.

பள்ளி விடுமுறையாக இருந்ததால் ஒரு சனிக்கிழமை என்னையும் கிலாங்குக்குக் கூட்டிப்போனார். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். இயந்திரத்தை நிறுத்தியதும் அந்தப் பெரிய கொட்டகை பயப்படும்படி அமைதியாகிவிட்டது. அப்பா இரும்பு முனைகளைத் தளர்த்தி அண்ணனின் தவளையைக் கழற்றினார். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு தரையிலிருந்து மரத்தூளை அள்ளி, பசையில் குழைத்து, கன்னத்துக் குழியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். அழுத்தினார், இன்னும் கொஞ்சம் வைத்தார், மறுபடி அழுத்தினார். காய்வதற்காகக் காத்திருந்தார். அதற்குப் பிறகு மணல்தாளை மடித்துத் தேய்க்கத் தொடங்கினார். சர், சர் என்று அந்தச் சத்தம். ஒவ்வொரு இழுப்புக்கும் அவர் மூச்சு வாங்கியது. அவரே சொன்னார்.

"கை நின்னுபோச்சுன்னா ஒங்கம்மா புரிஞ்சுக்குவா பாப்பா. நான் வாயால சொல்ல வேணாம்."

அடையாளம் இல்லாத தவளை வந்தால், மகன் இல்லை என்று அவள் தானாகவே தெரிந்துகொள்வாள். அழுது தீர்ப்பாள், கருமாதி நடக்கும், அக்காவுக்கு வழி பிறக்கும். அப்படித்தான் அவர் கணக்குப் போட்டிருந்தார். சாப்பாடு முடிந்து வந்த மேஸ்திரி, இயந்திரத்திலிருந்து விழுந்த முதல் தவளையை எடுத்துப் பார்த்தார். இடது கன்னமும் வலது கன்னமும் ஒரே மாதிரி வழுவழுவென்று இருந்தன. "சந்தேக், சந்தேக்" என்று பாராட்டினார். அந்தப் பழுதைச் சரிசெய்ய வேண்டும் என்று தானும் நினைத்திருந்ததாகச் சொல்லி அப்பாவின் முதுகில் தட்டினார். சக்கரம் சத்தமே இல்லாமல் உருண்டுகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் அந்தத் தவளையை அப்பா அம்மாவிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா கதவோரம் நின்றாள். அம்மா வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். திருப்பினாள். கட்டைவிரலால் இடது கன்னத்தைத் தடவினாள். இன்னொரு முறை தடவினாள். அவள் தோள் குலுங்கியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அழுகைச் சத்தத்துக்காக நானும் காதைப் பொத்திக்கொண்டேன்.

அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, வெரலு மடங்குதுங்க அவனுக்கு! பாருங்க, குழியே விழல! தைலம் வேல செஞ்சிருச்சு. எம் பிள்ளைக்கு வெரலு மடங்குது!"

கடை வாசலில் பார்த்த அதே முகம். ஓடி வந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். "ஜித்ராவுக்குச் சொல்லி அனுப்பு. தையிலேயே வச்சிக்கலாம். கையும் நல்லாயிருச்சு, வேலையும் இருக்கு, இனிமே அவனப் பத்தி என்ன கவலை? கோவம் தீர்ந்து வர்றப்ப வரட்டும். நீ ஏன்டி அவனுக்காகக் காத்துக் கெடக்கணும்?"

அக்கா அழுதாள். கல்யாணம் நடக்கப் போகிறது என்பதற்காகவா, அண்ணனுக்காகவா என்று எனக்குத் தெரியாது. அப்பா கொல்லைப்பக்கம் போனவர் வெகுநேரம் உள்ளே வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். கவிழ்த்த பால் வாளியின் முன்னால், அதன்மேல் உட்காராமல், தரையில் குந்தியிருந்தார். ஒரு மனிதர் தன் மகனை இரண்டு முறை அழித்துவிட்டார். இரண்டாம் முறை அவர் செய்ததை வீடே கொண்டாடிக்கொண்டிருந்தது. இதை அன்று நான் இப்படி யோசிக்கவில்லை. அப்பாவின் முதுகு ஏன் அப்படிக் கூனிப்போயிருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். இப்போது நான் அவர் வயதையும் தாண்டிவிட்டேன். கோபம் வருகிறது, அவர்மேல் இரக்கமும் வருகிறது. எதை எதன்மேல் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. பெரியப்பா மகன் பொரி அள்ளிப் போட்டார். "எம் மவன் வேலையா இருக்கான், லீவு கெடைக்கல" என்று அம்மா எல்லாரிடமும் சொன்னாள். சிலர் தலையாட்டினார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அந்த வருஷம் ஆடி அமாவாசை. அப்பா விடிவதற்குள் குளித்துவிட்டு வேட்டி கட்டிக்கொண்டார். "பெரியவனப் போய்ப் பார்த்துட்டு வரேன். பாப்பாவும் வரட்டும்" என்றார். வடக்கே போகிறார் என்று நினைத்து அம்மா துள்ளிக் குதித்தாள். தாத்தா பாட்டிக்கு விரதம் இருக்கும் நாள், அதனால் வடை, பாயசம் எல்லாம் ஆகியிருந்தது. முதலில் காக்கைக்கு வைத்தாள். அடுத்ததாக டிபன் கேரியரில் மகனுக்கு அடுக்கினாள். "அமாவாசைன்னு கூடத் தெரியாம கெடப்பான். சூடு ஆறிப் போறதுக்குள்ள கொடுங்க."

நாங்கள் வடக்கே போகவில்லை. மூடா ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் போனோம். கரையில் தர்ப்பணம் கொடுப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் முறை வந்ததும் சடங்கு செய்துவைக்கும் பண்டாரம் இறந்தவர் பேரைக் கேட்டார். அப்பா சொன்னார். உறவு கேட்டார். "மகன்" என்றார் அப்பா. பண்டாரம் நிமிர்ந்து பார்த்தார். தகப்பனுக்கு மகன் கொடுப்பதைத்தான் அவர் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்ப தவறுனாரு?"

மழை நாளை, ஆற்றுப் பாலத்தை, ஜோடிச் செருப்பைச் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அப்பா தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார்.

"போன தைக்கு முந்தி. ஒரு சனிக்கெழமை மத்தியானம்."

"ஆத்துலயா?"

"இல்லைங்க. கிலாங்குல."

பண்டாரம் தர்ப்பையை எடுத்துக் கொடுத்தார். எள்ளும் தண்ணீரும் விட்டார்கள். பிண்டத்துக்குச் சோறு கொண்டு வந்திருக்கிறீர்களா என்றார். அப்பா டிபன் கேரியரைத் திறந்தார். அம்மா அடுக்கிக் கொடுத்த சோற்றை உருட்டி வைத்தார். பிறகு ஒவ்வொரு தட்டாகத் தண்ணீருக்குள் இறங்கிக் கவிழ்த்தார். பாயசம் கொஞ்ச நேரம் வெள்ளையாக மிதந்தது. வடைகளை அலை ஒரு முறை கரைக்குத் தள்ளியது, அடுத்த முறை எடுத்துக்கொண்டது. அப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்று அழுதார். மகனுக்காக அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

திரும்பி வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. வேட்டி பஸ்ஸிலேயே காய்ந்துவிட்டிருந்தது. அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கேரியரை வாங்கி, மூடியைத் திறந்து பார்த்தாள்.

"சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்."

"நின்னு பார்த்தீங்களா? மிச்சம் வைக்காம தின்னானா?"

"ஒரு பருக்க வைக்கல."

"வடை பத்துச்சா அவனுக்கு?"

அப்பா திண்டாடியதை நான் பார்த்தேன். கால் கழுவ வாளியை நோக்கிக் குனிந்தவர், நிமிராமலேயே பதில் சொன்னார்.

"இன்னும் ரெண்டு கேட்டான்."